புள்ளி உதிர்ந்த பெயர்கள்: யொருபாவிலிருந்து ரஷ்ய மொழிக்கு

1986-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற நைஜீரிய நாடகாசிரியரை நாம் ‘வோலே சொயிங்கா’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம். ரஷ்ய நூல்களில் அவர் ‘வோலே ஷொயின்கா’. ரஷ்யர்கள் பெயரைத் திரித்துவிட்டதாக முதல் பார்வையில் தோன்றலாம். ஆனால் அவர்கள் எழுதியிருப்பதே சரி. அபெயோகுடாவில் 1934-இல் பிறந்த அவருடைய குடும்பப் பெயரின் முதலெழுத்து, நைஜீரியாவின் தென்மேற்கில் பேசப்படும் யொருபா மொழியில், கீழ்ப்புள்ளியிட்ட ‘எஸ்’. அதன் ஒலி ‘ஷ’. ஆங்கிலம் அந்தப் புள்ளியை விட்டுவிட்டது. ஆங்கிலத்தின் வழியாகப் பெயரைப் பெற்ற நாமும் விட்டுவிட்டோம்.

ஆங்கில ஆவணங்களை ரஷ்ய மொழியில் பெயர்த்துத் தரும் தொழிலில் இருப்பதால், இந்தப் புள்ளியைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வரும் யொருபாப் பெயரை ஆங்கிலப் பெயராகவே கருதி ரஷ்ய எழுத்தில் இறக்கிவிடுவது எளிது. அப்படிச் செய்யலாகாது என்பதே என் உறுதியான கருத்து.

யொருபாவின் இன்றைய எழுத்துமுறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, மீட்கப்பட்டு, 1864-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரான சாமுவேல் அஜாயி குரௌதர் அதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர். அவரே ஒரு யொருபா. 1875-இல் லாகோசில் கூடிய மிஷனரிகள் அந்த எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தினார்கள். அகன்று ஒலிக்கும் ‘எ’, ‘ஒ’ ஆகிய இரண்டு உயிர்களுக்கும், ‘ஷ’ என்னும் மெய்க்கும் கீழ்ப்புள்ளி. குரலின் உயர்ந்த தொனிக்கும் தாழ்ந்த தொனிக்கும் மேலே சாய்கோடு. இடைத்தொனிக்குக் குறி எதுவும் இல்லை. மொழிக்கு நன்றாகப் பொருந்தும் முறை இது. ஆனால் ஆங்கிலத் தட்டச்சு எந்திரத்தில் அந்தப் புள்ளிகள் இல்லை. கடவுச்சீட்டில் எந்திரம் படிக்கும் வரிகளிலும் பெயருக்கு 26 ஆங்கில எழுத்துகள் மட்டுமே உண்டு. சில குடும்பங்கள் ‘எஸ்’ஸை அடுத்து ‘எச்’ சேர்த்து ஒலியைக் காப்பாற்றிக்கொண்டன. பல குடும்பங்கள் வெறும் ‘எஸ்’ஸோடு நின்றன. இதனால் ஒரே பெயர் ஓர் ஆவணத்தில் ‘ஷோலா’ என்றும் இன்னொன்றில் ‘சோலா’ என்றும் தோன்றுகிறது. ஆங்கில எழுத்தில் காணும் வெறும் ‘எஸ்’ எந்த ஒலிக்கு உரியது என்பதை அந்த எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

ரஷ்ய நாளிதழ்களைப் பார்த்தால் விளைவு கண்கூடு. நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஒபாசாஞ்சோவின் முதற்பெயர் யொருபாவில் ‘ஒலுஷெகுன்’. ரஷ்ய மொழியில் ‘ஒலுசெகுன்’. 2015 முதல் 2023 வரை துணை அதிபராக இருந்தவர் யொருபாவில் ‘ஒஷின்பாஜோ’. ரஷ்ய மொழியில் ‘ஒசின்பாஜோ’. நாடகாசிரியருக்குக் கிடைத்த ‘ஷ’ அதிபருக்கும் துணை அதிபருக்கும் கிடைக்கவில்லை. இலக்கியத்தைப் பெயர்த்தவர்கள் மூலமொழியை விசாரித்தார்கள், அரசியல் செய்தியைப் பெயர்த்தவர்கள் ஆங்கிலச் செய்தித்தாளோடு நின்றார்கள் என்பது என் ஊகம். நமக்குப் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. கோழிக்கோட்டின் ‘ழ’வை ஆங்கிலத்தில் ‘இசட்’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகளால் குறிப்பது வழக்கம். அந்த இரண்டையும் ரஷ்யர்கள் தங்கள் மொழியில் ‘ஷ’வின் அதிர்வுடைய இணையொலிக்குரிய எழுத்தாகப் படித்ததால், ரஷ்ய வரைபடத்தில் அந்த ஊரின் பெயரில் ‘ழ’ இருந்த தடயமே இல்லை.

ஒரு பெயரை எடுத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். ‘ஒலுவஷெயுன்’ என்பது யொருபாக்களிடையே மிகப் பரவலான பெயர். இறைவனுக்கு நன்றி கூறும் பெயர். ஆங்கிலத்தில் புள்ளியில்லாமல் வருகிறது. முதலில் தடுமாற வைப்பது ‘டபிள்யூ’. ரஷ்ய மொழியில் அதற்கு நேரான எழுத்து இல்லை. ஆங்கிலப் பெயர்களில் அதை ‘ஊ’ என்னும் உயிரெழுத்தால் எழுதுவது இன்றைய வழக்கம். வில்லியம் அங்கே ‘உய்ல்யம்’ ஆகிறார். அதே விதியை இங்கும் கையாண்டால் ‘ல்’லுக்குப் பின் இரண்டு ‘ஊ’ அடுத்தடுத்து வந்து, வாசகர் எங்கே அசை பிரிப்பது என்று தெரியாமல் திணறுவார். யொருபாப் பெயர்களுக்கு ரஷ்யர்கள் பெரும்பாலும் ‘வ’ ஒலிக்குரிய எழுத்தையே கையாண்டிருக்கிறார்கள்: வோலே, அவோலோவோ. இந்த மரபைப் பின்பற்றுவதே நல்லது.

அடுத்தது புள்ளியிட்ட ‘எஸ்’. இங்கே ரஷ்ய மொழியின் இயல்பு நமக்குக் கை கொடுக்கிறது. ரஷ்ய மொழியில் ‘எ’ ஒலியைக் குறிக்க மெய்க்குப் பின் வழக்கமாக எழுதப்படும் எழுத்து, தனக்கு முன்னுள்ள மெய்யை மென்மையாக்கிவிடும். ‘ஸெ’ என்று எழுத நினைத்தால் ‘ஸ்யெ’ என்ற சாயல் வந்துவிடும். ஆனால் அந்த மொழியின் ‘ஷ’ எப்போதும் வல்லொலி. எந்த உயிர் பின்னால் வந்தாலும் அது மென்மையாவதில்லை. ஆகவே ‘ஷ’வுக்குரிய எழுத்தை இட்டவுடன் மெய்யும் சரியாகிறது, ‘ய’கரச் சாயலும் ஒழிகிறது. ‘எஸ்’ஸை இட்டால் இரண்டுமே கெடுகின்றன. ஒரே எழுத்தில் இவ்வளவு கிடைக்கும்போது அதை விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியில் வரும் ‘உன்’ யொருபாவில் மூக்கொலி கலந்த ஓர் உயிர். ரஷ்ய மொழியில் அது ‘ஊ’வும் ‘ன’கர மெய்யும் ஆகிவிடுகிறது, வேறு வழியில்லை. ஆனால் இதிலிருந்து ஓர் இலக்கணச் சிக்கல் பிறக்கிறது. மெய்யில் முடியும் பெயர் ஆணுடையதாயின் ரஷ்ய மொழியில் வேற்றுமை உருபு ஏற்கும். பெண்ணுடையதாயின் மாறாமல் நிற்கும். ஒலுவஷெயுன் இருபாலருக்கும் இடும் பெயர். யொருபாவின் படர்க்கைச் சுட்டுப்பெயரிலோ ஆண் பெண் வேறுபாடே கிடையாது. ரஷ்ய மொழியின் இறந்தகால வினை பாலைக் காட்டாமல் அமையாது. ‘படிப்பை முடித்தார்’ என்ற ஒரு வரியைப் பெயர்ப்பதற்கே அவர் ஆணா பெண்ணா என்று கேட்டறிந்தாக வேண்டும். நைஜீரியாவின் இன்றைய அதிபரின் முதற்பெயரான ‘போலா’வும் இருபாலருக்கும் உரியதே, ஆனால் ‘ஆ’வில் முடிவதால் ரஷ்யக் காதுக்கு அது பெண்பெயராகவே ஒலிக்கும்.

காப்பாற்ற முடியாதவையும் உண்டு. அவற்றைத் தெளிவாக ஒத்துக்கொள்வது நல்லது. மூன்று தொனிகளும் போய்விடும். ‘ஒலா’ ஒரு தொனியில் செல்வமும் மதிப்பும், இன்னொரு தொனியில் நாளை. ரஷ்ய மொழியிடம் இருப்பது ஓரசைக்கு விழும் அழுத்தம் மட்டுமே. அழுத்தம் பெறாத ‘ஓ’வை ரஷ்யர்கள் ‘அ’ போலவே உச்சரிப்பதால், மேற்கு நைஜீரியாவின் முதல் பிரதமர் அவோலோவோவின் பெயரில் அடுத்தடுத்து வரும் ‘ஓ’க்களுள் ஒன்றுதான் தப்பிப் பிழைக்கும். யொருபாவின் ‘பி’ எழுத்து உண்மையில் ‘க்’கும் ‘ப்’பும் ஒரே நொடியில் சேர்ந்து பிறக்கும் ஒலி. அண்டை நாடான பெனினில் யொருபாவை எழுதும்போது அதை இரண்டு எழுத்தாலேயே குறிக்கிறார்கள். ‘தெமிதோப்பே’ போன்ற பெயரை ரஷ்ய மொழியில் அப்படி எழுதலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ரஷ்ய வாசகர் ஒன்றாக ஒலிக்க வேண்டியதை இரண்டாகப் பிரித்துப் படிப்பார். அவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இந்த ஒலிகளுக்கெல்லாம் ரஷ்ய மொழியில் இடமில்லை. ‘ஷ’வுக்கு இடம் இருக்கிறது, அதுவும் ஒரே எழுத்தாக.

பெயர் எந்த வழியாக வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். டோகோ அணியின் முன்னாள் கால்பந்து வீரர் அடெபாயோரின் பெயர் யொருபாக்களின் ‘அடெபாயோ’தான். பிரெஞ்சு வழங்கும் நாட்டில் அதன் கடைசியில் ஒரு ‘ர்’ ஒட்டிக்கொண்டது. ரஷ்யர்கள் அந்த ‘ர்’ரையும் அழுத்தமாக உச்சரிக்கிறார்கள். அவருடைய பெயர் இன்று அதுவே ஆகிவிட்டதால், அந்த ‘ர்’ரை நீக்கித் திருத்தும் உரிமை யாருக்கும் இல்லை.

நூலும் செய்தியும் வேறு, ஆவணம் வேறு. 1960-இல் மாஸ்கோவில் தொடங்கி மறு ஆண்டில் பத்ரீஸ் லுமும்பாவின் பெயர் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சேர வரும் மாணவரின் சான்றிதழை, பெயர்த்து, நோட்டரியின் முத்திரையோடு கொடுக்க வேண்டும். அவருடைய ரஷ்ய விசாவில் பெயர் ஏற்கெனவே ரஷ்ய எழுத்தில் அச்சாகியிருக்கும். அங்கே ‘எஸ்’ இருந்து, நான் ‘ஷ’ என்று எழுதினால், இரண்டு ஆவணங்களும் ஒருவருடையவையே என்று மெய்ப்பிக்க அவர் நீதிமன்றம் வரை போக நேரலாம். அப்போது விசாவில் இருப்பதையே எழுதுகிறேன், மனமில்லாமல். முன்பு எந்த ரஷ்ய ஆவணமும் இல்லாதவராயின், வேலையைத் தொடங்குமுன் ஒரு குரல்பதிவு கேட்கிறேன்: உங்கள் பெயரை உங்கள் வீட்டில் கூப்பிடுவதுபோலச் சொல்லி அனுப்புங்கள், புள்ளிகளோடு ஒருமுறை கையால் எழுதியும் அனுப்புங்கள் என்று. பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்கள். சிலர் கூடவே தொனிக்குறிகளையும் இட்டு, அந்தப் பெயரை யார் இட்டார், எதற்காக இட்டார் என்றும் எழுதிவிடுகிறார்கள்.