குட்டி யானைக்கு ஜெனரேட்டர் கட்டிய கதை

ராத்திரி பதினொன்றே கால். காஞ்சிபுரம் பிரியும் இடத்தைத் தாண்டி, நாங்கள் நம்பி வந்த சார்ஜர் முன்னால் வண்டி நிற்கிறது. சார்ஜர் திரை இருட்டு. பின்னால் 800 கிலோ இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய். பேட்டரியில் 11 சதவீதம். கோயம்பேட்டுக்கு இன்னும் 70 கிலோமீட்டர்.

வண்டி என் மாப்பிள்ளையுடையது. எலெக்ட்ரிக் லோடு வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, வேலூர் மாவட்டத்தில் எங்கள் ஊரான அணைக்கட்டுப் பக்கம் இந்த அளவில் எது ஓடினாலும் அதற்குப் பெயர் குட்டி யானைதான். நான் மின்வாரியத்தில் 31 வருஷம் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். அன்றைக்குப் பேச்சுத் துணைக்கு ஏறி உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

பேட்டரி 20 யூனிட். காகிதத்தில் 150 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருந்தது. சுமையோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் நூறு. கிலோமீட்டருக்கு 200 வாட்-ஹவர், அதாவது யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். அணைக்கட்டிலிருந்து அந்த இடம் 90 கிலோமீட்டர். 11 சதவீதத்தில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை.

சாலையோரப் பஞ்சர் கடைப் பெரியவர் 15 ஆம்ப் பிளக் ஒன்றைக் கொடுத்தார். "இன்னா சார் வண்டி இது, பம்புசெட்டு மாதிரி கரண்டு இழுக்குது" என்று கேட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலை எனக்குத் தந்து தரையில் படுத்துக்கொண்டார். மணிக்கு மூன்று யூனிட் வீதம் நாலரை மணி நேரம் ஏற்றினோம். கோயம்பேட்டுக்குள் நுழைந்தபோது விடிந்துவிட்டது. ஏவாரம் முடிகிற நேரத்தில் வருகிற காய்க்கு என்ன விலை கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கத்திரிக்காய் என்று வியாபாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் காம்பு வாடியிருப்பதைக் காட்டினார்.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை கேட்டார்: "மாமா, நம்ம வீட்டு ஜெனரேட்டரைத் தூக்கிப் பின்னாடி வெச்சுட்டா? அமெரிக்காவுல அப்படித்தானே வண்டியே செய்யறாங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. அங்கே ராம் கம்பெனி 2023 நவம்பரில் ராம்சார்ஜர் என்று ஒரு பிக்கப்பை அறிவித்தது. 92 யூனிட் பேட்டரி. அதோடு 3.6 லிட்டர் வி6 பெட்ரோல் இன்ஜின். அந்த இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 130 கிலோவாட் ஜெனரேட்டரைச் சுற்றுவது மட்டும்தான் அதன் வேலை. பேட்டரியில் 230 கிலோமீட்டர், பெட்ரோலையும் சேர்த்தால் 1,100 கிலோமீட்டர் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. அப்புறம் முழு பேட்டரி வண்டித் திட்டத்தையே கைவிட்டு, அதற்கு வைத்திருந்த பெயரை இதற்குச் சூட்டிவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஸ்கவுட் டெரா பிக்கப்புக்கும் இதே ஏற்பாட்டை அறிவித்திருக்கிறார்கள். பேட்டரி மட்டும் என்றால் 560 கிலோமீட்டர், ஜெனரேட்டரோடு 800 என்கிறார்கள். 2025 டிசம்பரில் ஃபோர்டும் தன் எலெக்ட்ரிக் எஃப்-150 லைட்னிங்கை நிறுத்தி, அடுத்தது ஜெனரேட்டர் வைத்ததாக வரும் என்று சொல்லிவிட்டது.

டெஸ்லா வேறு வழியில் போனது. இன்ஜின் வேண்டாம், சைபர்டிரக்கின் பின்தொட்டியில் இன்னொரு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள் என்றது. 47 யூனிட், விலை 16,000 டாலர், தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விடும். 2025 மே மாதம் அதைக் கைவிட்டார்கள். லோடு ஏற்றத்தானே லோடு வண்டி? அந்த இடத்தில் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போனால் காயை எங்கே வைப்பது? அணைக்கட்டுச் சந்தையில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

ஜெனரேட்டர் யோசனையை மட்டும் நான் உடனே தள்ளவில்லை. 31 வருஷம் கரண்டோடு இருந்தவனுக்குக் கை அரிக்கத்தானே செய்யும்.

2012 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இரண்டு கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வீட்டில் தூசி படிந்து கிடந்தது. சார்ஜரை மாட்டினோம். அது 13 ஆம்ப் இழுத்தது, ஜெனரேட்டர் ஒரு முனகல் முனகி டிரிப் ஆனது. சரி என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஐந்து கேவிஏ ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கனம். அதை வண்டியில் ஏற்றியபோதே நாலு மூட்டை காய்க்கான இடம் போனது.

இந்த முறை சார்ஜரில் சிவப்பு விளக்கு. மாப்பிள்ளை சார்ஜர் போய்விட்டது என்று பயந்துவிட்டார். போகவில்லை. வீட்டு இணைப்பில் நியூட்ரல் எங்காவது பூமியோடு சேர்ந்திருக்கும். இந்தச் சின்ன ஜெனரேட்டர்களில் அது எதோடும் சேராமல் தொங்கும். சார்ஜர் முதலில் எர்த் இருக்கிறதா என்று தேடும், இல்லையென்றால் ஒரு சொட்டுக் கரண்டையும் உள்ளே விடாது. நல்ல காவல்காரன். தோட்டத்தில் எர்த் கம்பி அடித்து, நியூட்ரலை அதோடு சேர்த்த பிறகு பச்சை வந்தது. எப்படிச் சேர்த்தேன் என்று எழுதமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தயவுசெய்து கை வைக்காதீர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு யார் கம்பி அடிப்பது என்பது தனிக் கேள்வி.

ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். பாட்டிலால் அளந்து ஊற்றினேன். இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்ரோல் போனது, பேட்டரி 13 சதவீதம் ஏறியது. அதாவது 13 கிலோமீட்டர். லிட்டருக்கு ஏழு. மாப்பிள்ளை முன்பு வைத்திருந்த பழைய பெட்ரோல் வண்டியே லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தது. எலெக்ட்ரிக் வண்டி வாங்கிவிட்டு அதில் பாதி மைலேஜுக்கு, சத்தமும் புகையும் வேறு.

அதற்கு மேல் ஒன்று. பிளக் மாட்டியிருக்கும்போது வண்டி நகராது. கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாலும் அசையாது, பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டே ஏற்றலாம் என்ற கனவு அங்கேயே போச்சு. அமெரிக்க வண்டிகளில் ஜெனரேட்டர் இந்தப் பிளக் வழியாக வருவதில்லை. நேராக வண்டியின் உயர் அழுத்த ஒயரிலேயே சேர்கிறது. எப்போது ஓடவேண்டும், எவ்வளவு சுற்றவேண்டும் என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பட்டறையில் வெட்டி ஒட்டுகிற வேலை இல்லை அது. ஒட்டினாலும் ஆர்சியில் இருக்கிற வண்டி வேறு, ரோட்டில் ஓடுகிற வண்டி வேறு என்றாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் அதை விடாது.

கம்பெனியே செய்தாலும் அளவு முக்கியம். பிஎம்டபிள்யூ ஐ3 காரில் 647 சிசி இன்ஜின் ஒன்றை இதற்காக வைத்தார்கள். பேட்டரி தீர்ந்த நிலையில் நீண்ட மேட்டில் ஏறும்போது வேகம் விழுந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்கே போட்டார்கள். ராம் ஏன் 130 கிலோவாட் வைத்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பின்னால் டிரெய்லர் இழுக்கிறவனுக்குப் பேட்டரி பாதித் தூரத்தில் தீர்ந்துவிடும், அவனுக்கு அது தேவை. எங்களுக்கு வாரத்தில் ஒருநாள் கோயம்பேடு, மற்ற நாளெல்லாம் வேலூர் நேதாஜி மார்க்கெட். அதற்கு எதற்கு வி6?

இப்போது கோயம்பேட்டுக்குப் போகிற காய் நாலு பேர் சேர்ந்து எடுக்கும் ஐஷர் லாரியில் போகிறது. வேலூர் மார்க்கெட் பக்கம் லோடு இறக்கும் மண்டியில் முதலாளியிடம் பேசி, தனி சப்-மீட்டரோடு ஒரு 15 ஆம்ப் பிளக் போட்டுக் கொடுத்தேன். இறக்கி, கணக்கு முடித்து, டீ குடிக்க எப்படியும் இரண்டு மணி நேரம். ஆறு யூனிட். முப்பது கிலோமீட்டர். மீட்டர் பார்த்து மாதாமாதம் பணம்.

மாப்பிள்ளைக்கு இன்னும் ஜெனரேட்டர் ஆசை முழுசாகப் போகவில்லை. போன பலாப்பழ சீசனில் ஜவ்வாது மலைக்குப் போனோம். காலி வண்டியோடு ஆலங்காயம் வழியாக ஏறும்போது சதவீதம் மளமளவென்று இறங்கியது. ஆயிரம் கிலோவை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் சரியாக ஒரு யூனிட், அந்தக் கடனிலிருந்து யாரும் தப்பமுடியாது. ஜமுனாமரத்தூர் பக்கம் பழம் ஏற்றிய வீட்டில் மூன்று மணி நேரம் பிளக் கொடுத்தார்கள். திரும்பும்போது காவலூர் வானாய்வகத்தைத் தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்தில் 44 காட்டியது. முழுச் சுமை. மாப்பிள்ளை பிரேக்கைத் தொடவே இல்லை, காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கிறது, அந்தக் கரண்ட் பேட்டரிக்கே திரும்பிப் போகிறது. வளைவுக்கு வளைவு நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆலங்காயத்தில் 47.

"மாமா, பலாப்பழம் கரண்ட் குடுக்குது" என்றார் மாப்பிள்ளை.

ஏறும்போதும் பழத்தை ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றேன்.