பந்தயச் செய்தி எழுதக் கிளம்பி நான் பட்ட பாடு

மோட்டார் பந்தயத்தைப் பற்றித் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் கடிதம் கையில் இல்லாமல் ஊடகப் பாஸுக்கு விண்ணப்பிக்காதீர்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் பெயர் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருப்பதுபோலவே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் ஒரு பந்தய வார இறுதியை மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்து வாசலில் தொலைத்திருக்க மாட்டேன்.

இருப்பது கோலாலம்பூர்ச் செந்தூலில், பகலில் கணக்கு அலுவலகத்தில் வேலை. அப்பா பந்தயம் பார்ப்பார், கூட உட்கார்ந்து நானும் பார்த்து வளர்ந்தேன். எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் வேறு. சிப்பாங் தடம் 1999-இலிருந்து இருக்கிறது. கோவிட் காரணமாக நின்ற 2020, 2021 தவிர வருடா வருடம் மோட்டோஜிபி என்ற உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் வருகிறது. ஆனால் தமிழில் நமக்குப் படிக்கக் கிடைப்பது யார் ஜெயித்தார், யார் விழுந்தார் என்ற நாலு வரிதான். தடத்தோரம் கொடி பிடித்து வெயிலில் நிற்பவர்களிலும், அணிக் கூடாரங்களில் டயர் உருட்டுகிறவர்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி வருவதில்லை. அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, எழுதலாம் என்று இறங்கினால், பாஸ் வேண்டுமென்றால் அச்சில் வந்த கட்டுரைகளைக் காட்டச் சொல்கிறார்கள். அச்சில் வரவேண்டுமென்றால், உள்ளே போய் யாரிடமாவது பேசியிருக்க வேண்டும். உள்ளே போகப் பாஸ் வேண்டும். பெரிய பந்தயங்களுக்கு இது இன்னும் கடுமை. எந்தப் பத்திரிகைக்காக எழுதுகிறீர்கள், அதற்கு எத்தனை வாசகர்கள், கடந்த பருவத்தில் என்ன எழுதினீர்கள் என்று எல்லாவற்றுக்கும் தாள் கேட்பார்கள். சொந்தமாக எழுதுகிறேன் என்று சொன்னால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

முதலில் போய்ப் பார்த்த விளையாட்டுப் பக்க ஆசிரியர் என்னை மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். "எஃப்1 கார் பந்தயம் நம்ம ஊரை விட்டுப் போயிடுச்சேம்மா, 2017-ஓட முடிஞ்சது. மத்ததுக்குப் பெர்னாமா செய்தி நிறுவனம் அனுப்புறதைப் போட்டுக்கிறோம். நம்ம பிள்ளைங்க யாராவது ஓட்டுறாங்களா, சொல்லுங்க" என்றார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியின் எஃப்1 காரில் சிப்பாங்கில் ஓட்டி 11-ஆம் இடத்தில் முடித்ததைச் சொன்னேன். நம் நாட்டுக் கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டான் காரில் உலக ரேலியின் தயாரிப்புக் கார் பிரிவில் சாம்பியன் ஆனதைச் சொன்னேன். "அதெல்லாம் பழைய கதைம்மா" என்று தேநீர் வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. பழைய கதை என்று சொல்கிறார்களே, அந்தக் கதையைத் தமிழில் யாராவது முழுசாக எழுதியிருக்கிறார்களா?

அடுத்து இன்னொரு பத்திரிகை. அங்கே ஆசிரியர் சம்மதித்துவிட்டார். பணம் தர முடியாது, கடிதம் தருகிறேன் என்றார். எனக்கு அதுவே போதும். முழுப் பெயர், ஐசி எண், பந்தயத்தின் பெயர், தேதி, எழுத்தாளராக வருகிறேனா படமெடுக்க வருகிறேனா என்பது வரைக்கும் ஒரு தாளில் எழுதி அலுவலகப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கடிதம் தயாரானதும் மூடிய உறையில், விண்ணப்பத்தோடு நேராக ஏற்பாட்டாளருக்கே போய்விட்டது. கொஞ்ச நாளில் "அனுமதிக்கப்பட்டது, அட்டையை நேரில் பெற்றுக்கொள்ளவும்" என்று மின்னஞ்சல் வந்தது. அன்று இரவு வீட்டில் எல்லோருக்கும் நான்தான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்.

அது சிப்பாங்கில் நடந்த ஒரு சர்வதேசப் பந்தயம், பெயர் வேண்டாம். மின்னஞ்சலில் "பிரதான நுழைவாயில்" என்று போட்டிருந்தது. செந்தூலிலிருந்து விடியற்காலையில் கிளம்பிப் போனேன். பிரதான வாசலில் இருந்த காவலர் பாஸ் கொடுக்கும் இடம் இங்கே இல்லை, அடுத்த வாசல் என்றார். அடுத்த வாசலில், யாராவது ஓட்டுநரின் அக்காவா என்று கேட்டார்கள். பத்திரிகை என்றதும் திரும்பவும் முதல் வாசலுக்கே அனுப்பினார்கள். அந்த இடத்தில் வாசலுக்கு வாசல் நடப்பது விளையாட்டில்லை. தடம் மட்டுமே 5.543 கிலோமீட்டர் நீளம், அதற்கு வெளியே வாகன நிறுத்தங்கள் வேறு. பாஸ் அலுவலகம் தடத்துக்கு வெளியே, முற்றிலும் வேறு கட்டடத்தில் இருந்தது. கண்டுபிடித்துப் போய் வரிசையில் நின்று ஐசியை நீட்டினேன்.

கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்தார், ஐசியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். சூராட்டில், அதாவது கடிதத்தில், ஒரு பெயர், ஐசியில் இன்னொரு பெயர் என்றார். ஐசியில் என் பெயருக்குப் பின்னால் "அ/பெ" (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர் இருக்கும், நம் எல்லோருக்கும் அப்படித்தான். அலுவலகப் பையன் நான் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, ஆசிரியர் என்னைக் கூப்பிடும் புனைபெயரைத் தட்டச்சு செய்திருக்கிறான். முத்திரையும் குத்தவில்லை. புனைபெயர் அச்சான பழைய கட்டுரையைக் கைப்பேசியில் காட்டினேன், வேலைக்கு ஆகவில்லை. ஆசிரியரைக் கூப்பிட்டேன், சனிக்கிழமை, எடுக்கவில்லை. மேலதிகாரியைப் பார்க்கலாமா என்றேன். அவர் அணிகள் தங்கும் பேடாக்கில் இருக்கிறாராம். பேடாக்குக்குள் போகப் பாஸ் வேண்டும்!

எனக்குப் பின்னால் நின்ற வெளிநாட்டுக்காரருக்கு ஒரு நிமிடத்தில் அட்டை கிடைத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை.

வெளியே வந்து டிக்கெட் வாங்கி, ரசிகர்களோடு புல்மேட்டில் உட்கார்ந்தேன். திரும்பிப் போயிருக்கலாம், மனசு வரவில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் தடத்தின் ஒரு மூலைதான் தெரியும் என்பதால் கைப்பேசியில் நேரப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டேன். அதில் ஒவ்வொரு சுற்றையும் மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து நேரம் காட்டுவார்கள். யார் நேர்பாதையில் வேகம், யார் வளைவில் வேகம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். தொலைக்காட்சியில் காட்டாத ஒரு சண்டை ஏழாவது எட்டாவது இடத்துக்கு நடந்துகொண்டிருந்ததை நான் அந்த எண்களில்தான் பிடித்தேன். மாலையில் வழக்கம்போல மழை கொட்டியது. சிப்பாங் மழையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2009 எஃப்1 பந்தயத்தையே பாதியில் நிறுத்தி, 31 சுற்று முடிவை வைத்துப் பாதிப் புள்ளி கொடுக்கவைத்த மழை அது. நோட்டுப் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு போங்கள், பேனாவுக்குப் பதில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவே எழுதி அனுப்பினேன். முடிவின் கீழே "தற்காலிகம்" என்று இருந்ததால் நானும் "தற்காலிக முடிவின்படி" என்றே எழுதினேன். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளின்படி தற்காலிக முடிவு வெளியானதிலிருந்து 30 நிமிடத்துக்குள் மற்ற அணிகள் ஆட்சேபிக்கலாம். அதற்கப்புறம் வாகனப் பரிசோதனையிலும் இடம் மாறலாம். சிப்பாங்கின் முதல் எஃப்1 பந்தயமே இதற்குச் சாட்சி. 1999-இல் முதல் இரண்டு இடத்தில் வந்த இர்வைன், ஷூமாக்கர் இருவரின் ஃபெராரிகளும் பரிசோதனைக்குப் பிறகு தகுதிநீக்கம் ஆயின. சில நாள் கழித்து மேல்முறையீட்டில் அதே இடங்களைத் திரும்பப் பெற்றன. இதெல்லாம் தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டேன். பக்கம் பார்த்தவர் இடமில்லை என்று அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டார். நள்ளிரவில் மூன்றாம் இடத்துக்காரருக்கு நேரத் தண்டனை விழுந்தது. காலையில் என் பெயரோடு தவறான வரிசை அச்சில். திருத்தம் போடுங்கள் என்று கெஞ்சினேன், போடவில்லை. இப்போதெல்லாம் முதல் பத்தியிலேயே "அதிகாரிகள் இன்னும் உறுதிசெய்யவில்லை" என்று வாக்கியமாக எழுதிவிடுகிறேன். ஒரு சொல் என்றால் சுலபமாக வெட்டிவிடுவார்கள், வாக்கியத்தை வெட்டினால் பத்தி நொண்டும்.

இதற்கிடையில் சிலர், தடத்தோரம் கொடி காட்டும் மார்ஷலாகச் சேர்ந்துவிடு, தடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கலாம் என்று யோசனை சொன்னார்கள். மார்ஷல் வேலை புனிதமான வேலை, ஓட்டுகிறவர் உயிர் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் எழுதுவதற்காக அதில் சேராதீர்கள். பணியில் இருக்கும்போது படம் எடுக்கவோ கைப்பேசியைப் பார்க்கவோ கூடாது, கண் தடத்தை விட்டு அகலவே கூடாது. வேண்டுமானால் பணி முடிந்தபின் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். வெள்ளைக் கொடி எஃப்1-இல் மெதுவான வாகனம் தடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும், மோட்டோஜிபியில் வண்டி மாற்றிக்கொள்ளலாம் என்பதைக் காட்டும். இப்படி நுணுக்கமாகச் சொல்லித்தர அவர்களைவிட ஆளில்லை.

கடைசியில் எனக்கு வழி திறந்தது கப் பிரிக்ஸில். 1994-இலிருந்து நடக்கும், கப்சாய் என்ற சிறு மோட்டார் சைக்கிள்களுக்கான பந்தயம். சிப்பாங்கை விட்டுச் சிறு ஊர்களுக்கும் போகும். 2012-இல் சிப்பாங்கில், மோட்டோஜிபியோடு நடக்கும் சிறிய பிரிவான மோட்டோ3 பந்தயத்தில் இரண்டாவதாக வந்த ஸுல்ஃபாமி கைருடினும், 2018-இல் மோட்டோஜிபிக்குப் போன முதல் மலேசியரான ஹபீஸ் ஷாரினும் இங்கிருந்து போனவர்கள்தான். பெரிய பந்தயங்களைப்போல இங்கே ரசிகருக்கும் அணிக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர் கிடையாது. கூடாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் யாராவது "மாக்கான்?" (சாப்பிடுறியா?) என்று கேட்டு நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டுவார்கள்.

அங்கேதான் ராவாங்கைச் சேர்ந்த மெக்கானிக் அண்ணனைப் பார்த்தேன். மலாயில் பேசிக்கொண்டிருந்தவர் நான் தமிழில் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "பத்திரிகையா? நம்ம பத்திரிகையா? என்னையா கேக்குற, தங்கச்சி? ஓட்டுற பையனைக் கேளும்மா" என்றார். உங்களைத்தான் அண்ணே என்றேன். அப்புறம் நிறுத்தவே இல்லை. சின்னத் தடத்திலிருந்து சிப்பாங்குக்கு வந்தால் சங்கிலி ஓடும் பின் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் பல்லைக் குறைப்பார்களாம். வளைவை விட்டு எழும்பும் இழுவை குறையும், ஆனால் அந்த நீண்ட இரண்டு நேர்பாதைகளில் வண்டி மூச்சு முட்டாமல் போகும். 150 சிசி வண்டிக்கு அங்கே தனியாக ஓடுவது தற்கொலை, முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்து கடைசி வளைவில்தான் வெளியே வர வேண்டும். அவருடைய அப்பா பத்து தீகாவில், பழைய ஷா ஆலாம் தடத்தில், டயர் மாற்றியவர். 1991-இலிருந்து 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் அங்கேதான் நடந்தது. அந்தத் தடம் இப்போது இல்லை. மகன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போய் ஸ்பானர் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

யார் ஜெயித்தார் என்பதைக் கடைசிப் பத்தியில் வைத்து, அவரைப் பற்றி எழுதினேன். அரைப் பக்கம் வந்தது, படத்தோடு. முதலில் என்னைத் தேநீரோடு அனுப்பிய ஆசிரியரே கூப்பிட்டார். "இது மாதிரி இருந்தா கொடுங்கம்மா, பெர்னாமாவுல இது வராது" என்றார். அவர் கொடுத்த கடிதத்தில் ஒரு நீண்டதூரக் கார் பந்தயத்துக்குப் பாஸ் எந்தச் சிக்கலும் இல்லாமல் கிடைத்தது.

உள்ளே போகிறவர்களுக்குக் கொஞ்சம்: மூடிய காலணி, நீள் காற்சட்டை இல்லாமல், அணிகள் வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் பிட் லேனில் விடமாட்டார்கள். நல்ல கேமரா இருக்கிறது என்பதற்காகப் படிவத்தில் படப்பிடிப்பாளர் என்று குறிக்காதீர்கள், அது தனி வரிசை, தனி மேலங்கி, தனி விதிகள். எழுத்தாளர் பாஸோடு தடத்தோரச் சாலைக்குப் போனால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். செய்தியாளர் அறையில் தண்டனை அறிவிப்புகள் தாளில் வரும், எல்லோரும் கிளம்பினபிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். ஓட்டுநர்களிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், நீங்கள் பின்பக்கம் போய் டயர் அடுக்குகிறவரிடம் பேசுங்கள்.

பிப்ரவரியில் சிப்பாங்கில் நடக்கும் மோட்டோஜிபி சோதனை ஓட்டத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இந்த முறை கடிதத்தை நானே அச்சடித்து, ஐசி நகலை ஆசிரியர் மேசையில் பக்கத்தில் விரித்துவைத்து, "அ/பெ" வரைக்கும் ஒப்பிட்டுக் காட்டிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். பதில் இன்னும் வரவில்லை. கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது, வேண்டுகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.