அப்பத்தாவின் வேப்பங்கொத்து

சின்னவனுக்கு அம்மை போட்டிருக்கு. டாக்டரிடம் காட்டியாச்சு. வந்து வாசல் நிலையில் வேப்பங்கொத்து செருகும்போது அப்பத்தா ஞாபகம்தான்.

தேவிபட்டினத்தில் எங்க தெருவில் யாருக்கு அம்மை கண்டாலும் அப்பத்தாவைத்தான் கூப்பிடுவாங்க. தலைமாட்டில் உட்கார்ந்து, வேப்பிலையால் வருடிக்கிட்டே விடிய விடிய மாரியம்மன் தாலாட்டு பாடும். "ஆத்தா இறங்கிருவா, தூங்குய்யா"ன்னு அது சொன்னா அரிப்பு கூட அடங்கின மாதிரி இருக்கும்.

பல வருஷம் கழிச்சு புறநானூறு 281 படிச்சப்ப உடம்பு சிலிர்த்துப்போச்சு. அரிசில் கிழார் பாட்டு. போரில் புண்பட்டவனைக் காக்க ஒருத்தி தோழியைக் கூப்பிடுறா: வீட்டில் இரவ மரத் தழையும் வேம்பும் செருகுவோம், யாழோடு பல கருவிகள் ஒலிக்கட்டும், வெண்சிறுகடுகு தூவுவோம், மணி அடிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், நறும்புகை போடுவோம், வா காப்போம்! மருந்து, பாட்டு, சடங்கு மூணும் அந்தப் பெண்கள் கையில் இருந்திருக்கு. அதே வேம்பு, அதே பாட்டு. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பெரியம்மையை 1975-ல் இந்தியாவில் ஒழிச்சது தடுப்பூசிதான், சந்தேகமே இல்லை. ஆனா ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தது அப்பத்தா மாதிரிப் பெண்கள்.

அந்தத் தாலாட்டில் எனக்கு நாலு வரிதான் தெரியும். முளைப்பாரிக் கும்மி பாடுற நம்ம ஊர் அக்காமார் யாருக்காவது மிச்சம் தெரிஞ்சா பாடி அனுப்புங்க.