காமிக்ஸுக்கும் நியூபெரி கிடைக்கும்

அமெரிக்காவுல சிறந்த குழந்தைகள் புத்தகத்துக்குன்னு 1922-லேர்ந்து குடுக்கற நியூபெரி மெடல், 2020-லதான் முதல்முறையா காமிக்ஸ் வடிவத்துல இருக்கற ஒரு கிராஃபிக் நாவலுக்கு கிடைச்சுது, ஜெர்ரி கிராஃப்ட் எழுதி வரைஞ்ச 'நியூ கிட்'. போன வாரம் பொண்ணோட உக்காந்து ஒரே மூச்சுல முடிச்சேன். படம் வரையறதுல பைத்தியமா இருக்கற ஜோர்டான்னு ஒரு கறுப்பினப் பையன், பணக்காரப் பிள்ளைங்க படிக்கற ஸ்கூல்ல ஏழாங்கிளாஸ் சேர்றான், அங்க டீச்சருங்க கறுப்பினப் பசங்க பேரை மாத்தி மாத்தி கூப்பிடறாங்க, முதல்ல சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு வரல. அடி, சண்டைன்னு பெருசா எதுவும் இல்ல, சின்னச் சின்ன குத்தல்தான், அதை படத்துல காட்டினா சட்டுனு உறைக்குது. காமிக்ஸ் படிச்சா படிப்பு வராதுன்னு என் கையிலேர்ந்து புடுங்கின சித்தப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார்!