காலைல குவாரிப் பக்கம் பார்த்தது

நாயோட நடக்கப் போனேன், இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊருக்கு வெளில பழைய குவாரியாண்ட பசங்க ஸ்பீக்கரை வேன்ல ஏத்திட்டு இருக்கானுங்க. நேத்து ராத்திரி ஃப்ரீ பார்ட்டியாம், அதாவது லைசன்ஸ் வாங்காம வெட்டவெளில பாட்டு போட்டு ஆடற இலவசக் கூத்து.

ஒரு பொண்ணு மட்டும் கறுப்பு குப்பைப்பையோட புல்லுல கிடந்த சிகரெட் துண்டைக்கூட விடாம பொறுக்கிட்டு இருந்துச்சு. குப்பையை விட்டுட்டுப் போனா அடுத்த தடவை இந்த இடம் போச்சுங்குது. லைசன்ஸ் வாங்காதவங்களுக்கு இருக்கற பொறுப்பைப் பாருங்க!

டிக்கெட் இல்ல, வாசல்ல பையைத் தடவற ஆள் இல்ல, இடம் எங்கன்னு கடைசி நேரத்துலதான் போன்ல வரும், அந்த திரில்லுக்கே பாதிக்கூட்டம் வருது.

மாட்டினா தெரியும் சேதி. 1992 மே மாசம் இங்கிலாந்துலயே காசில்மார்ட்டன்ங்கற இடத்துல இதே மாதிரி பார்ட்டிக்கு இருபதாயிரம் பேருக்கு மேல கூடி ஒரு வாரம் ஆடித் தீர்த்தாங்க, அரசாங்கம் அரண்டுபோய் 1994ல சட்டமே போட்டுச்சு. மொதல்ல 100 பேர் கூடினாதான் கேஸு, 2003ல அதை 20 ஆக்கிட்டாங்க. போலீஸ் கிளம்புன்னு சொல்லியும் நின்னா 3 மாசம் வரை ஜெயில், கடன உடன வாங்கி சேத்த சவுண்ட் செட்டும் பறிபோகும்.

எனக்கு போலீஸ்கூட ரெண்டாம்பட்சம்ங்க. அந்த இருட்டுல எவனாச்சும் விளிம்புல கால் தவறினா, இந்த மண்ரோட்டுல ஆம்புலன்ஸ் எப்படி உள்ள வரும்? கேட்டதுக்கு அந்தப் பொண்ணு முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டுச்சு. நாலு பேண்டேஜு, ஒரு டெட்டால்.

எனக்கே ஒரு ராத்திரி போய் ஆடணும்னு ஆசைதான். எம்பொண்ணு கேட்டா மட்டும் சத்தியமா விடமாட்டேன்.