பின்னட்டையில் ஒரு வரி

எங்கள் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நாவலின் பின்னட்டைக்கு நான் தேர்ந்தெடுத்த வரி அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நாவலை எழுதியவர் மட்டும் போனில் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் இன்னும் என்னை விடவில்லை.

நாவல் முழுக்க மின்னஞ்சல்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளில் இருக்கும் இரண்டு ஆண்கள், ஆண்டறிக்கைக்குக் கணக்குக் கேட்டு எழுதத் தொடங்கி, மெல்லக் காதலுக்கு வந்து சேர்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் சிலரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டோம். கடிதங்களாலான நாவல் புதிதல்ல. ஆங்கில எழுத்தாளர் ரிச்சர்ட்சனின் ‘பமீலா’ 1740-லேயே வந்துவிட்டது. ஆனால் மெயில் என்றதும் சிலருக்குப் பொறுமை போய்விடுகிறது. அனுப்புநர், பெறுநர், தேதி, நேரம் எல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். இன்னொருவருக்கு அந்த நேரங்கள்தான் கதையே. நள்ளிரவு தாண்டிப் போன மெயிலுக்கு ஒரு வாரம் கழித்து, பட்டப்பகலில், இரண்டே வரியில் பதில் வருகிறது. அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்றார். இருவரும் சேர்ந்திருக்கும் நாட்களில் மெயில் கிடையாது. அதனால் மிக நெருக்கமான பொழுதுகள் நம் கண்ணில் படுவதே இல்லை. அதை ஏமாற்றம் என்றவர்களும் உண்டு. எனக்கு அதுதான் நாவலின் பலம்.

பலரும் குறைப்பட்டது மெயில்களின் தலைப்பில் வரும் பொருள் வரியை. முத்தத்தைப் பற்றி எழுதும்போதும், பிரிந்துவிடலாம் என்று எழுதும்போதும் ‘ஆண்டறிக்கை – கணக்கு விவரம்’ என்றே கடைசிவரை இருக்கிறது. சலிப்பாக இருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள் என்றார்கள். தன்பாலீர்ப்பாளரான ஒரு வாசகர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்: பக்கத்து இருக்கையில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் அலுவலக மெயிலாகத் தெரிய வேண்டுமே, அந்த வரி வரும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது.

நான் பின்னட்டைக்கு எடுத்தது இன்னொருவர் எழுதியதை. “கொஞ்ச நேரத்திலேயே இவர்கள் இரண்டு ஆண்கள் என்பது மறந்துபோகிறது. காதல் மட்டும் மிஞ்சுகிறது.”

நாவலை எழுதியவர் கேட்டது இதுதான்: “அதை மறந்துவிட்டவருக்கு, பொருள் வரி ஏன் மாறவில்லை என்று புரிந்திருக்குமா?”

“புரியாவிட்டாலும் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறாரே” என்றேன்.

“சரி, உங்கள் விருப்பம்” என்றார். குரலில் கோபம் இல்லை.

என் பதிலில் நியாயம் இருக்கிறது. கையில் எடுக்கவே தயங்குகிறவரைப் பார்த்து, தயங்கிய இன்னொருவர் பேசுகிற வரி அது. ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை 1913–14-இல் எழுதினார். இரண்டு ஆண்களின் காதலுக்கு மகிழ்ச்சியான முடிவு தந்தே தீருவேன் என்று தந்தார். அவர் இறந்து, 1971-இல்தான் அது அச்சேறியது. வெளியே வந்து வாசகரிடம் போய்ச் சேருவது அவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

உடனே அதே உதாரணம் எனக்கு எதிராகத் திரும்பும். ஃபார்ஸ்டரை அத்தனை வருடம் காத்திருக்க வைத்தது, அவர்கள் இரண்டு ஆண்கள் என்பதை யாரும் மறக்கத் தயாராக இல்லாததுதானே. மறக்காமலேயே நேசிக்கிற வாசகருக்காகத்தானே எங்கள் நாவலாசிரியர் எழுதியிருக்கிறார்? அப்படி ஒருவர் எங்களுக்குக் கிடைத்தும் இருந்தார். வயிற்றைப் பிசைந்தது என்ற வரி என் மேசையில்தான் இருந்தது. அதைப் போட்டால் புத்தகம் துயரக் கதை என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயம் நியாயமானதா, வெறும் வியாபாரமா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல வரவில்லை.

மறந்துபோனதாகச் சொன்னவரையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்படியொரு நாவலை அவர் படிப்பது அதுவே முதல்முறை. தனக்குத் தெரிந்த பெரிய பாராட்டைக் கொடுத்தார். அதில் பொய் இல்லை. இதை நாவலாசிரியரிடம் சொல்லியிருக்கலாம். கடைசிப் பக்கக் கணக்கைச் சொல்வதற்குப் பதில்.

இப்போது மறு அச்சு வருகிறது. பின்னட்டையை மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றை ஒன்று மறுப்பதுபோல் இருக்கிறது, விற்பனைப் பிரிவு நிச்சயம் கேள்வி கேட்கும். இருந்தாலும் அந்த மாதிரியைத்தான் இந்த முறை முதலில் அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.