சுளகுக்கு இரண்டடி தள்ளி

பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் என்னிடம் ஓடுகிறது என்றால் யாரும் நம்புவதில்லை. 2012-இல் கைக்கு வந்தது. பென்டியம் சிப், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். கூடப் படித்தவர்களில் சிலர் அந்த வருடமே விற்றுவிட்டார்கள். பலருடையது பரணில் கிடக்கிறது. என்னுடையது திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பத்திர எழுத்தருக்கு வரைவு அடித்துக் கொடுப்பதுதான் என் சோலி. அண்ணாச்சி கையால் எழுதியதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் லிப்ரே ஆபீஸில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, சாயங்காலத்துக்குள் திருப்ப வேண்டும். அம்மா பக்கத்திலேயே தரையில் காலை நீட்டி, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுவாள். ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு. அவள் கத்தரிக்கோல் பீடி இலையை வெட்டும் சத்தமும் என் விசைப்பலகைச் சத்தமும்தான் மதியம் முழுக்க வீட்டில் கேட்கும்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம் லினக்ஸ். அதற்கு நான் கொள்கை பேசி வரவில்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடியாக வைத்துச் செய்த பாஸ் லினக்ஸ் அந்தக் கணினியிலேயே ஒரு ஓரமாக இருந்தது. கல்லூரியில் யாரோ கொடுத்த பென் டிரைவ் வழியாக வைரஸ் வந்து என் பிராஜெக்ட் மொத்தமும் போன அன்று அதற்குள் நுழைந்தவள், திரும்பிப் போகவில்லை. இப்போது டெபியன் 12.

போன மார்கழி வாக்கில் கணினி இழுக்க ஆரம்பித்தது. நான் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பவள். விரல் ஓடும் வேகத்துக்கு எழுத்து வந்தாக வேண்டும். ஒரு கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையில் ‘கன்னடியன் கால்வாய்க்குத் தெற்கு’ என்று அடித்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பதியவில்லை போல என்று மறுபடி அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் சேர்ந்து வந்தன. ஒன்றை அழிக்கப் போனால், அழிக்கும் விசையும் பிந்தியே வேலை செய்து, பக்கத்து எல்லையையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அவசரத்தில் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன்.

“ஏ பிள்ள, கிழக்கெல்லைய எங்க கொண்டு போட்ட? அந்தாளு வயல ஆத்துக்குள்ள விட்டுட்டியே” என்றார் அண்ணாச்சி போனில். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இன்னொரு தடவை நடந்தால் சிரிக்க மாட்டார்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம். சென்னையிலிருக்கும் தம்பி, “யக்கா, அதத் தூரப் போடு, இஎம்ஐல புதுசு வாங்கு” என்றான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். அந்த அண்ணன் மூடியைத் திறந்தார், ஒரு நிமிடம் பார்த்தார், மூடினார். “போர்டு போச்சு” என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “பழசும்மா” என்றார். வயசைச் சொன்னால் அது நோயைச் சொன்னது ஆகுமா? பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, கணினி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டும் ‘டாப்’ கொடுத்தேன். மேலே லோடு ஆவரேஜ், அதாவது ஓடுகிற, காத்து நிற்கிற வேலைகளின் சராசரி, 6-க்குப் பக்கத்தில் நின்றது. என்னுடையது ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும் இரண்டு கோர் சிப். இரண்டைத் தாண்டினாலே வரிசை நிற்கிறது என்று அர்த்தம். ஆனால் லினக்ஸில் இந்த எண்ணுக்குள் ஒரு சூது உண்டு. பிராசஸர் கிடைக்காமல் நிற்கும் வேலைகளை மட்டும் அது எண்ணுவதில்லை. டிஸ்க்கிலிருந்து பதில் வராமல் நிற்பவற்றையும் சேர்த்தே எண்ணும். சனிக்கிழமை பீடிக் கடையில் பத்துப் பெண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, ‘இவர்களுக்குச் சுற்ற வராது’ என்று யாராவது சொல்வார்களா? கை எல்லாம் சும்மாதான் இருக்கிறது. உள்ளே எண்ணி வாங்கும் ஆள்தான் மெதுவு. அதைச் சொல்வது மூன்றாவது வரியில் ‘டபிள்யூஏ’ என்ற எண். எனக்கு 60-க்கு மேல் காட்டியது. பிராசஸர் பாதிக்கு மேல் நேரம் டிஸ்க்கின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, ராம் கணக்கைக் காட்டும் ‘ஃப்ரீ’. ராம் நிரம்பி வழிந்து, 900 எம்பி ஸ்வாப்புக்கு, அதாவது ராமில் கொள்ளாததை வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்கு, போயிருந்தது. ‘விஎம்ஸ்டாட் 1’ என்று கொடுத்துப் பார்த்தால் ஸ்வாப்பிலிருந்து வருவதையும் அங்கே போவதையும் காட்டும் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ இரண்டு பத்தியிலும் எண்கள் நொடிக்கு நொடி ஓடின. ஸ்வாப்பில் சும்மா கிடந்தால் தொந்தரவில்லை; அங்கும் இங்கும் ஓடினால்தான் வினை. பழைய தட்டு டிஸ்க்கில் அந்த ஓட்டம் என்றால் எழுத்து பிந்தாமல் என்ன செய்யும்?

‘லினக்ஸ் போட்டால் பழைய கணினி பறக்கும்’ என்கிற பேச்சை நான் நம்புவதில்லை. டெஸ்க்டாப்பை இலகுவான எல்எக்ஸ்கியூடிக்கு மாற்றினால் சில நூறு எம்பி மிச்சமாகும், உண்மை. ஆனால் வாட்ஸ்அப் வெப்பும் மின்னஞ்சலும் இரண்டு அரசு இணையதளமும் திறந்த பிரவுசர் எந்த லினக்ஸிலும் அதே பிரவுசர்தான். நான் ஏற்கெனவே எல்எக்ஸ்கியூடியில்தான் இருந்தேன்.

கடைசியாக, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையை வைத்து டிஸ்க்கையே விசாரித்தேன். நீளப் பட்டியல் வரும்; நான் பார்ப்பது 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் மட்டும். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 197-க்கு எதிரே 24 இருந்தது. அப்படி ஒன்றின் மேல் கை வைக்கும்போதெல்லாம் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அந்த நேரம் கணினி செத்த மாதிரி நிற்கும். இதைப் பார்த்தபின் வேறெந்த ஆராய்ச்சியும் செய்யக் கூடாது. முதலில் பத்திரங்களை எல்லாம் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அப்புறம்தான் மூச்சு விட்டேன்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், தட்டு இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றும், கைமாறிய 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம். மாட்டுவது பெரிய வித்தை இல்லை. டெபியனைப் புதிதாகப் போட்டு, கூடவே இசட்ராமும் வைத்தேன். ராமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி மடித்து ஸ்வாப்பாகப் பயன்படுத்துவது அது. டிஸ்க்குக்கு ஓடும் வேலை குறையும். இது விஷயமாக ஒரு சொல்: ‘ஸ்வாப்பினஸை 10 ஆக்கு’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ராமிலிருந்து ஸ்வாப்புக்கு எவ்வளவு தாராளமாகத் தள்ளுவது என்று சொல்லும் எண் அது. இயல்பாக 60-இல் இருக்கும். தட்டு டிஸ்க்குக்கு அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. இசட்ராம் வைத்துவிட்டு 10 ஆக்கினால், பாய் வாங்கி வைத்துக்கொண்டு தரையில் படுத்த கதைதான். நான் 100 வைத்திருக்கிறேன்.

காலையில் பொத்தானை அமுக்கி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வருவதற்குள் திரை தயார். முன்பு பால் பொங்கி, காபி குடித்து, தம்ளரைக் கழுவினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். தம்பிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

சித்திரை பிறந்தது. பாளையங்கோட்டையில் 40 டிகிரி என்று செய்தியில் சொன்ன ஒரு மதியம், மறுபடியும் எழுத்து பிந்தியது.

அழுகையே வந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்து கவனித்தபோது, இது அந்த மந்தம் இல்லை என்று தெரிந்தது. பழைய மந்தம் விக்கி விக்கி வரும்: நிற்கும், திடீரென்று எல்லாம் கொட்டும், மறுபடி நிற்கும். இது ஒரே சீராக மந்தம், முழங்கால் தண்ணீரில் நடப்பது போல. ‘டபிள்யூஏ’ பூஜ்யம். ஸ்வாப் அசையவில்லை. ஆனால் பிராசஸர் மட்டும் 100 சதவீதம் என்றது, வெறும் ஒரு பத்திரத்தையும் பிரவுசரில் இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டு.

இங்கே நான் இரண்டு நாளை வீணாக்கினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக வந்ததுதான் காரணம் என்று பழைய கெர்னலுக்குப் போனேன். பிரவுசரின் நீட்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்றும் இல்லை. காலை பத்து மணி வரை நன்றாக ஓடுவதும், பன்னிரண்டுக்கு மேல் படுப்பதும், ராத்திரி எழுந்து உட்காருவதும் கண்முன்னால் நடந்துகொண்டே இருந்தது. மென்பொருளுக்கு வெயில் தெரியுமா என்ற கேள்வி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது.

‘பிராக்’ அடைவில் ‘சிபியூஇன்ஃபோ’ கோப்பைத் திறந்து மெகாஹெர்ட்ஸ் வரியைப் பார்த்தேன். 2.2 கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டிய சிப், 800 மெகாஹெர்ட்ஸில் நின்றது. அந்த வேகத்தில் 100 சதவீதம் உழைத்தாலும் என்ன ஆகும். வேகத்தைத் தீர்மானிக்கிற பகுதிக்கு லினக்ஸில் கவர்னர் என்று பெயர். அதை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலைக்கு மாற்றினேன். கவர்னர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சார்ஜர் மேல் ஒரு சந்தேகம். சில மடிக்கணினிகள் தன் அடாப்டர் இல்லை என்று கண்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். என்னுடையதும் மாற்று அடாப்டர்தான். அதைப் பிடுங்கிவிட்டு, பதினோரு நிமிடம் தாங்குகிற பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். அதே 800.

அப்புறம் ‘சென்சார்ஸ்’ கட்டளை. 84 டிகிரி. பக்கத்திலேயே உச்சம் 85 என்று போட்டிருந்தது. கெர்னல் பதிவை விரித்தால், வெப்பம் வரம்பைத் தாண்டியது, வேகத்தைக் குறைத்தேன், இயல்புக்கு வந்தது, மறுபடி தாண்டியது என்று பக்கம் பக்கமாக அதுவே புலம்பி வைத்திருக்கிறது. நான்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சுளகை நகர்த்திக் கொடுத்த இடத்தில் துண்டை விரித்து, பின்பக்கத் திருகுகளைக் கழற்றினேன். காற்றாடியின் இறக்கைகள் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தன. வெளியே காற்று வரும் ஓட்டை வழியாகப் பார்த்தாலும் செம்புத் தகடுகள் பளபளவென்று தெரிந்தன. அடைப்பு இரண்டுக்கும் நடுவில். காற்றாடியைத் திருகோடு எடுத்த பின்னால்தான் தெரிந்தது: தகடுகளின் உள்முகத்தை மூடி, கம்பளித் துணி போல ஒரு பட்டை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், பிய்யாமல் முழுசாக உரிந்து வந்தது. பழுப்பு நிறம். முகர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை, அறை முழுக்க அடித்தது.

“ஏட்டி, அது நம்ம தூளுல்லா?” என்றாள் அம்மா.

பீடித் தூள்தான். எனக்கும் அம்மாவுக்கும் இடையில் இரண்டடி. நான் அடிக்கிற நேரமெல்லாம் காற்றாடி அந்தக் காற்றைத்தான் இழுத்திருக்கிறது. தலைமுடியும் நூல் பிசிறும் சேர்ந்து பின்னி, பதின்மூன்று வருடத்தில் ஒரு பாயே நெய்து வைத்திருக்கிறது. பத்தமடைக்காரர்கள் பார்த்தால் விலை கேட்பார்கள்.

அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்கு மூச்சு முட்டுன ஒடனே தொறந்து பாக்க நீ இருக்க. எனக்கு இருவது வருசமா இருமலு” என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தகடுகளைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெளி ஓட்டை வழியாக ஊதினால் அழுக்கு உள்ளேதான் போகும். காற்றாடியைக் கழற்றியே ஆக வேண்டும். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் பேரிங் கெடும். சிப்பின் மேல் பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, புதுசு பாசிப்பயறு அளவு வைத்தேன். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பதெல்லாம் இல்லை.

மூடி, ஏற்றி, அதே பத்திரம், அதே இரண்டு பக்கம், அதே மதிய வெக்கை: 58 டிகிரி. வேகம் 2.2-க்கு ஏறி நின்றது. கன்னடியன் கால்வாய் ஒரே ஒரு தடவை வந்தது.

ஸ்டூலை உள்ளறைக்கு மாற்றிவிட்டேன். அம்மாவை வாசல் திண்ணையில் உட்காரச் சொன்னால், ஆடிக் காற்றில் இலை பறக்கும் என்கிறாள். அவள் முன்னறை ஜன்னலை விட்டு நகர்வதாக இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நாள் கூட்டிப் போவதாக இருக்கிறேன். திங்கள்கிழமை என்றால் கடைக்குப் பீடி கொடுக்கணும் என்கிறாள், செவ்வாய் என்றால் இலை ஊறப் போட்டிருக்கிறேன் என்கிறாள்.

உள்ளறையில் சிக்னல் கிடையாது. அதனால் ஹாட்ஸ்பாட் போட்டு போனை முன்னறை ஜன்னல் திட்டில், அம்மாவின் தலைக்கு மேலே வைத்திருக்கிறேன். போன வாரம் போனில் சார்ஜ் ஏறவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, சார்ஜர் ஓட்டையைக் கிண்டினேன். தூள்தான்.